சித்தப்பாவுக்காகக் கத்திய திருப்பதி

என் சித்தப்பா குத்துச்சண்டையில் தோற்றதெல்லாம் அடி வாங்கியதால் அல்ல, அவருக்காகக் கத்த ஆள் இல்லாததால்தான் என்பது எங்கள் வீட்டில் அம்மா ஸ்தாபித்த மதம். அதில் முதலில் சேர்ந்தவள் நான். எனக்கு அப்போது ஒன்பது வயது. கடைசிவரை சேராமல் அடம்பிடித்தவர் நைனா. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

எங்கள் ஊர் புத்தூருக்கும் நாராயணவனத்துக்கும் நடுவில், சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. வேர்க்கடலையும் கேழ்வரகும்தான் வெள்ளாமை. நைனாவின் தம்பியான சித்தப்பாவுக்கு நிலத்தில் மனசு ஒட்டவில்லை. மெட்ராஸ் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறேன் என்று கிளம்பிப் போனார். அங்கே யாரோ அவருடைய தோளைப் பார்த்துவிட்டு, ராயபுரம் பக்கம் ஒரு தகரக் கொட்டகைக்குக் கூட்டிப்போய்க் கையில் கிளவுஸ் மாட்டிவிட்டார்கள். அடுத்த பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது அவருடைய மூக்கு பழைய இடத்தில் இல்லை. கொஞ்சம் இடது பக்கமாக நகர்ந்திருந்தது.

நைனா அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அடி துன்றதுக்கு மெட்ராஸ் வரைக்கும் போவணுமாடா? கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே" என்றார்.

சித்தப்பாவுக்குக் கோபமே வராது. அவர் உட்கார்ந்து எங்களுக்கு விளக்கினார். எதிராளியைக் கீழே தள்ளி, பத்து எண்ணுவதற்குள் எழுந்திருக்கவிடாமல் செய்துவிட்டால் வெற்றியை யாரும் மறுக்க முடியாது. அப்படி இல்லாமல் கடைசி மணி அடிக்கும்வரை இரண்டு பேரும் நின்றுகொண்டே இருந்தால், மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதர்கள் பாயிண்ட்டு போட்டு யார் ஜெயித்தது என்று சொல்வார்கள். மெட்ராஸில் ஒவ்வொரு சண்டைக்காரனுக்கும் அவனுடைய பேட்டையே திரண்டு வந்து கத்தும். அவன் குத்து காற்றில் போனாலும் கொட்டகை அதிரும். சித்தப்பாவின் குத்து நேராகத் தாடையில் இறங்கினாலும் ஒரு ஈ காக்கை வாய் திறக்காது. மேசைக்காரர்களுக்கும் காது இருக்கிறது அல்லவா, பாயிண்ட்டு சத்தம் வந்த பக்கமே போய்விடும்.

சண்டைகளை நடத்தும் காண்ட்ராக்டர் ஒருவர் அவரிடம் உள்ளதை உள்ளபடியே சொல்லிவிட்டாராம். உனக்கென்று ஓர் ஊர் இருக்கிறதா, அந்த ஜனத்தை உன் பின்னால் கொண்டுவா. உன் சீமையிலேயே புத்தூர், சித்தூர், திருப்பதி என்று மூன்று இடத்தில் சண்டை வைக்கிறேன். கடைசிச் சண்டையில் உனக்கு ஜனம் நின்றால் மெட்ராஸில் பெரிய சண்டை உனக்கு. நிற்காவிட்டால் மூட்டையே தூக்கு.

நைனாவும் தன் பங்குக்கு ஒன்று சொன்னார். திருப்பதியோடு இந்தக் கூத்து முடிந்துவிட வேண்டும். காண்ட்ராக்டர் கைவிட்டால் கிளவுஸைப் பரண்மேல் போட்டுவிட்டு, கல்யாணம் செய்துகொண்டு ஏர் பிடிக்க வேண்டும். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு சரி என்றார். அவர் முகம் அப்போது போன போக்கைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

அம்மா மட்டும் அசையவில்லை. அவள் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது, சித்தப்பா தவழ்ந்துகொண்டிருந்த தாயில்லாப் பிள்ளை. கல்யாணப் புடவை கசங்குவதற்குள் அவரை இடுப்பில் தூக்கிக்கொண்டவள். அவர் அவளை அண்ணி என்பார். ஆனால் எனக்கு அண்ணன் இருந்தால் அம்மாவிடம் எப்படி வம்பு செய்வானோ அப்படித்தான் செய்வார். "ஜனந்தானே வேணும்? நான் கூப்ட்டுக்கினு வரேன்" என்றாள் அம்மா, ஏதோ கடலை ஆய ஆள் கூப்பிடுகிற மாதிரி.

அவளுக்கு ஒரே ஒரு குறை. சித்தப்பாவை ஒருவன் அடிப்பதைக் கண்ணால் பார்க்க அவளால் முடியாது. அதனால் மூன்று சண்டைகளிலும் அவள் சுற்றிலும் கட்டிய கீற்றுத் தட்டிக்கு வெளியே, சண்டை நடக்கும் கோதாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். நான் அவள் கையைப் பிடித்தபடி கீற்றுச் சந்தில் கண்ணை வைத்து உள்ளே நடப்பதைச் சொல்ல வேண்டும். அந்த வேலையை நான் பெரிய உத்தியோகமாக நினைத்துக்கொண்டேன்.

முதல் சண்டை புத்தூர்ச் சந்தை மைதானத்தில். அது என்ன காலம் என்றும் சொல்ல வேண்டும். ஆந்திரா என்று புது ராஜ்யம் பிரிந்திருந்தது. எல்லைக்கோடு எந்த ஊருக்கு இந்தப்பக்கம் போகும், எந்த ஊருக்கு அந்தப்பக்கம் போகும் என்று தீராமல் பெரியவர்கள் அடித்துக்கொண்டிருந்தார்கள். ரயில் ஸ்டேஷன் பலகையில் ஒருநாள் தமிழ் எழுத்தின்மேல் தார் பூசியிருக்கும், மறுநாள் தெலுங்கு எழுத்தின்மேல். இரண்டு கட்சிக்காரர்களும் தாரை ஒரே கடையில்தான் வாங்கினார்கள். மற்றபடி எங்கள் பக்கத்தில் ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கலந்துதான் குடியிருந்தோம். திட்டும்போது எந்த மொழியில் நன்றாக வருகிறதோ அந்த மொழியில் திட்டிக்கொள்வோம்.

சண்டைக்குக் கூட்டம் நன்றாகவே வந்தது. வந்த இடத்தில் எங்கள் ஊர்த் தையற்காரர் ஓர் உபகாரம் செய்தார். நீளமான வெள்ளைத் துணியில் ‘தமிழ்ச் சிங்கம் வாழ்க’ என்று சிவப்பில் எழுதிக் கொண்டுவந்து இரண்டு கழிகளில் கட்டித் தூக்கிவிட்டார். அதுவரை சித்தப்பா பக்கம் நின்றிருந்த தெலுங்குக்காரர்கள் அதைப் படித்தார்கள். படித்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து மைதானத்தின் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தார்கள். சண்டை தொடங்கியதும் எதிராளிக்காக நெஞ்சு கிழியக் கத்தினார்கள்.

எதிராளி வேலூர்க்காரர், எங்களைவிடச் சுத்தமான தமிழர். தெலுங்கில் ஒரு வார்த்தை தெரியாது. இத்தனை பேர் தன்னைப் பார்த்துப் புரியாத பாஷையில் கத்துவதைக் கேட்டு, தன்னைத்தான் திட்டுகிறார்கள் என்று முடிவுகட்டிவிட்டார். அந்த ஆத்திரத்தில் பிரமாதமாகக் குத்தினார். அம்மா வெளியே நின்று "இன்னாடி ஆவுது?" என்று கேட்கும்போதெல்லாம் நான் "சித்தப்பாதாம்மா அடிக்கிறாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் அடித்ததும் உண்மைதான். அதிகமாக வாங்கினார் என்பதை மட்டும் நான் சேர்க்கவில்லை.

சொந்த ஊரிலேயே பாயிண்ட்டில் தோற்றார். காண்ட்ராக்டர் சிரித்துக்கொண்டே காரில் ஏறிப் போனார்.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாள் எங்கள் வாசலுக்கு வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. "என் வூட்டுல மோர் குடிச்சி வளந்த புள்ள. அவன நீங்க மட்டும் எடுத்துக்கினா நாங்க இன்னா பண்றது?" என்று கேட்டாள். அம்மா அவள் கையைப் பிடித்துத் திண்ணைக்குக் கூட்டிவந்தாள். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து தையற்காரரைத் திட்டினார்கள், முறையே இரண்டு மொழியிலும்.

அம்மாவுக்கு வழி திறந்தது அந்த மோரில்தான். சித்தப்பா சின்ன வயதில் பேர்போன தீனிப் பண்டாரம். எந்த வீட்டு அடுப்பில் வாசனை வந்தாலும் அந்த வீட்டு வாசலில் போய் நிற்பார். தமிழ் வீடு, தெலுங்கு வீடு என்று பார்க்கவே மாட்டார். சுற்றுப்பட்டில் அவர் கைநனைக்காத வீடே கிடையாது என்பதை அம்மா இத்தனை காலம் ஓர் அவமானமாகத்தான் வைத்திருந்தாள். இப்போது அதே வீடுகளுக்கெல்லாம் நிமிர்ந்த தலையோடு போனாள்.

"அவன் கைய பாத்தியா அக்கா? ஒங்க வூட்டுக் களி துன்ன கை. மெட்ராஸ்காரனுங்க அத சும்மா வுடுவானுங்களா? நீ வந்து நின்னாத்தான் அதுக்குத் தெம்பு."

சோறு போட்டவர்களுக்குத் தாங்கள் போட்ட சோறு தோற்றுப்போவதைச் சகிக்க முடியுமா? ஒவ்வொரு வீட்டுக்காரியும் சித்தப்பாவின் உடம்பில் ஒரு பாகத்தைத் தனக்கென்று பிரித்து எடுத்துக்கொண்டாள். வலது கை எங்கள் கேழ்வரகு என்றாள் ஒருத்தி. நெஞ்சு எங்கள் எருமைப் பால் என்றாள் மோர் கொடுத்தவள். சித்தூருக்குப் பக்கத்தில் பங்காருபாளையத்தில் ஒரு மாந்தோப்பில் சித்தப்பா ஒரு பருவம் காவல் இருந்து, காவல் காத்த பழத்தையெல்லாம் தானே தின்று துரத்தப்பட்டவர். அம்மா அந்தத் தோப்புக்காரருக்கும் சொல்லியனுப்பினாள். அவர் பழைய கோபத்தை மறந்து, தன் பழம் மெட்ராஸ்காரனிடம் தோற்பதா என்று ஆட்களோடு சித்தூர்ச் சண்டைக்கு வந்து இறங்கினார்.

சித்தூரில் கூட்டம் கொட்டகை கொள்ளவில்லை. துணி கிணி எதுவும் யாரும் தூக்கக் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். எல்லாம் சரியாக இருந்தது, கத்துவது எப்படி என்று மட்டும் எங்கள் ஜனத்துக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவர்களில் பாதிப் பேர் பெண்கள். அடிதடி என்றால் விலக்கிவிட ஓடியே பழக்கப்பட்டவர்கள். சித்தப்பாவுக்கு ஓர் அடி விழுந்தால் கொட்டகையே "ஐயையோ" என்று அலறியது. அதைக் கேட்டு மேசைக்காரர்கள், விழுந்தது பலமான அடி போலிருக்கிறது என்று எழுதிக்கொண்டார்கள். சரி, சித்தப்பா திருப்பிக் கொடுத்தபோதாவது சந்தோஷப்பட்டார்களா என்றால், எதிராளியின் உதட்டில் ரத்தத்தைப் பார்த்ததும் "பாவம், யாரு பெத்த புள்ளையோ, வுட்டுடுடா" என்று கெஞ்சத் தொடங்கிவிட்டார்கள். ஒருத்தி எழுந்துபோய் எதிராளிக்குத் தண்ணீர்கூடக் கொடுத்தாள்.

சண்டை சமம் என்று தீர்ப்பாயிற்று. சமம் தோல்வியில்லை என்று அம்மா சொன்னாள். காண்ட்ராக்டர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. "கூட்டம் கீது. ஆனா ஒனக்காக இல்ல, எழவுக்கு வந்த மாரி கீது. திருப்பதில பாக்கலாம்" என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

திருப்பதிச் சண்டைக்கு அவர் குறித்த நாள் புரட்டாசிச் சனிக்கிழமை. ஊரே ஜனமாக இருக்கும், டிக்கெட் போகும் என்று மெட்ராஸ்காரர் கணக்குப் போட்டிருக்கிறார். எங்கள் பக்கத்தில் புரட்டாசிச் சனிக்கிழமை யார் வீட்டை விட்டு நகர்வார்கள்? பிள்ளைகள் நாமம் போட்டுக்கொண்டு, சொம்பைத் தூக்கிக்கொண்டு, கோவிந்தா சொல்லி வீடு வீடாக அரிசி வாங்கி வருவார்கள். அந்த அரிசியும் சேர்ந்து உலையில் வெந்து, சாமிக்குப் படைத்த பிறகுதான் எங்களுக்கு இலை விழும். அது தவிர அந்த மாதம் முழுக்க வீட்டில் கவுச்சி கிடையாது. எதிராளி மெட்ராஸில் தினம் ஆட்டுக்கால் உறிஞ்சிக்கொண்டிருக்க, எங்கள் சித்தப்பா பூசணிக்காய் சாம்பாரில் உடம்பை ஏற்றிக்கொண்டிருந்தார்.

அம்மா இதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். வீட்டில் கும்பிடுவதை மலைக்கே போய்க் கும்பிடலாமே, போகிற வழியில்தானே சண்டை என்றாள். இதைவிட நல்ல யோசனை ஊரில் யாருக்கும் தோன்றியதில்லை. கடலை மூட்டை ஏற்றும் லாரி ஒன்றில் ஊரே ஏறிக்கொண்டது. தையற்காரரும் வெறுங்கையோடு வந்தார். எப்படிக் கத்த வேண்டும் என்று வழியெல்லாம் அம்மா சொல்லிக்கொடுத்துக்கொண்டே வந்தாள். அழக் கூடாது. பாவம் பார்க்கக் கூடாது. தண்ணீர் கொடுக்கவே கூடாது. நைனா பின்பக்கம் உட்கார்ந்துகொண்டு, இதுதான் கடைசி என்று யாரிடமாவது சொல்லிக்கொண்டிருந்தார்.

காலையில் திருப்பதியில் இறங்கினோம். இறங்கியதும் எல்லாரும் நிமிர்ந்து மலையைப் பார்த்தார்கள். அங்கேதான் அம்மாவின் யோசனை கவிழ்ந்தது. அடிவாரம் வரைக்கும் வந்துவிட்டு, சாமியை அங்கேயே விட்டுவிட்டு, குத்துச்சண்டை பார்க்கப் போகிறவன் எங்கள் ஜாதி ஜனத்தில் பிறக்கவில்லை. "மொதல்ல சாமி. பாத்துட்டு டக்குனு எறங்கி வந்துடறோம்" என்றார்கள். புரட்டாசிச் சனிக்கிழமையில் டக்கென்று இறங்கி வருவதா? அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். நேரத்துக்கு எல்லாரையும் ஓட்டிக்கொண்டு வருவது என் பொறுப்பு என்று நைனா சொல்லிவிட்டு, முதல் ஆளாக நடையைக் கட்டினார். மோர் கொடுத்த அம்மாள் தயங்கித் தயங்கித் திரும்பிப் பார்த்தபடி போனாள். நானும் அம்மாவும் மட்டும் நின்றோம்.

சண்டைக்கான இடம் ரயிலடியிலிருந்து மலையேறத் தொடங்கும் அலிபிரிக்குப் போகிற சாலையை ஒட்டிய திடல். சுற்றிலும் கீற்றுத் தட்டி, நடுவில் கயிறு கட்டிய மேடை. பிற்பகல் மூன்று மணிக்குமேல் மணி அடித்தார்கள். எங்கள் ஊரிலிருந்து ஒரு தலைகூட வரவில்லை. சித்தப்பா மேடையில் ஏறி நின்று சுற்றுமுற்றும் தேடியதைச் சந்து வழியாக நான் பார்த்தேன். அவருக்கென்று ஒதுக்கியிருந்த பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. முன்வரிசையில் காண்ட்ராக்டர் கால்மேல் கால் போட்டுக்கொண்டு அந்தப் பெஞ்சுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிராளி ஒரு பெரிய ஆள். ரயில் நிறையத் தன் பேட்டை ஆட்களைக் கூட்டி வந்திருந்தார். அவர்கள் விசில் அடிக்கத் தொடங்கினார்கள்.

"வந்துட்டாங்களாடி?" என்று அம்மா கேட்டாள்.

"இன்னும் இல்லம்மா."

"அவன் எப்படிக் கீறான்?"

"நல்லா கீறாரும்மா. அடிக்கிறாரும்மா."

முதல் இரண்டு ரவுண்டு சித்தப்பா உண்மையிலேயே அடித்தார். இன்று நினைத்தாலும் எனக்குப் பெருமையாக இருக்கிறது. ஒரு குரல்கூடத் தனக்காக எழாத இடத்தில், தலையைத் தாழ்த்திக்கொண்டு, உள்ளே புகுந்து புகுந்து குத்தினார். ஒவ்வொன்றுக்கும் நான் வெளியே இருந்து அம்மாவுக்குச் செய்தி சொன்னேன். உள்ளே விசிலும் கூச்சலும் எதிராளிக்கே போய்க்கொண்டிருந்தன. மூன்றாவது ரவுண்டில் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் ஒரு கை வந்தது. சித்தப்பா பின்னால் இரண்டு எட்டு வைத்தார். அப்புறம் முழங்கால் மடங்கி, பக்கவாட்டில் சாய்ந்து, முகம் பலகையில் படும்படி விழுந்தார்.

கொட்டகை ஒரு கணம் அடங்கிப்போயிற்று. ரெஃபரி குனிந்து விரலை நீட்டி நீட்டி எண்ணத் தொடங்கினார்.

"இன்னாடி ஆச்சு?" என்றாள் அம்மா.

என் வாயிலிருந்து பேச்சு வரவில்லை.

"ஏண்டி பேச மாட்டற? அவன் இன்னா பண்றான், சொல்லுடி."

நான் சந்திலிருந்து கண்ணை எடுக்கவும் இல்லை, பதில் சொல்லவும் இல்லை. என் கையைப் பிடித்திருந்த அவளுடைய பிடி வளையலோடு சேர்த்து இறுகியது. அவள் கோதாப் பக்கம் திரும்பவில்லை. மலையைப் பார்த்துக்கொண்டு நின்றவள் அதே மலையைப் பார்த்து, அடிவயிற்றிலிருந்து, "கோவிந்தா" என்று கத்தினாள்.

திருப்பதியில், அதுவும் புரட்டாசிச் சனிக்கிழமையில், ஒருவர் கோவிந்தா என்றால் இன்னொருவர் பேசாமல் போக முடியாது. சாலையில் மஞ்சள் வேட்டியும் மூட்டையுமாகப் போய்க்கொண்டிருந்த ஒரு கும்பல் யார் சொன்னது, எதற்குச் சொன்னது என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் "கோவிந்தா" என்று பதில் போட்டது. அதைக் கேட்டு அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் போட்டார்கள். எதிர்ச்சாரியில் சத்திரத்து மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் போட்டார்கள். ஜட்காக்காரர் போட்டார். நிரம்பி வழிந்து வந்த ஒரு பஸ் மொத்தமும் போட்டது. சத்தம் ரயிலடி வரைக்கும் போய், அங்கே புதிதாக வண்டியிலிருந்து இறங்கிய ஜனத்தைப் பிடித்துக்கொண்டு, இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. தமிழ், தெலுங்கு, கன்னடம், எங்கிருந்தோ வந்த வேறு பாஷைக்காரர்கள் எல்லாரும் அந்த ஒரு சொல்லைத்தான் கத்தினார்கள். தட்டிக் கீற்றெல்லாம் என் கன்னத்தில் அதிர்ந்தது.

உள்ளே காண்ட்ராக்டர் மடக்கிய காலைக் கீழே இறக்கிவிட்டு எழுந்து நின்றார். மேசைக்காரர்கள் தட்டிக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள். மெட்ராஸ் பேட்டைக்காரர்களே பழக்க தோஷத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன். சித்தப்பா ஒரு கையை ஊன்றினார். முழங்காலை ஊன்றினார். ரெஃபரியின் விரல் தீர்வதற்குள் எழுந்து நின்றுவிட்டார்.

"எழுந்துட்டாரும்மா" என்று அலறினேன். அம்மா அப்போதும் நிறுத்தவில்லை. அவள் ஒன்று சொல்ல, திருப்பதி ஒன்று சொல்ல, அப்படியே போய்க்கொண்டிருந்தது. உள்ளே சாமி புறப்பாடு ஏதோ நடக்கிறது என்று நினைத்து ஜனம் திடலுக்குள் புக ஆரம்பித்தது. டிக்கெட் கிழிக்கிறவர் தடுத்துப் பார்த்தார், தட்டியே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. காலிப் பெஞ்சுகள் மொட்டைத் தலைகளால் நிரம்பின. வந்தவர்களில் ஒரு பெரியவர், இரண்டு பேர் குத்திக்கொள்வதைப் பார்த்துவிட்டு, எதற்கு இது என்று தெலுங்கில் அம்மாவிடம் கேட்டார். அம்மா சித்தப்பாவைக் காட்டாமலே, அது நம்ம பிள்ளை என்று தெலுங்கிலேயே சொன்னாள். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நம்ம பிள்ளைக்காகக் கோவிந்தா போடத் தொடங்கினார்.

அதற்கு மேல் சித்தப்பாவை நிறுத்த யாரால் முடியும்? மீதி ரவுண்டு முழுக்க அவர் முன்னால் போய்க்கொண்டே இருந்தார், அந்தப் பெரிய ஆள் பின்னால் போய்க்கொண்டே இருந்தார். ஒவ்வொரு குத்துக்கும் வானம் இடிந்தது. கடைசி மணி அடித்ததும் மேசைக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உயிரோடு வெளியே போய் ஊர் சேர வேண்டுமே என்று நினைத்தார்களோ, உண்மையிலேயே பாயிண்ட்டு அப்படித்தான் இருந்ததோ, சித்தப்பாவின் கையைத்தான் தூக்கினார்கள். காண்ட்ராக்டர் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டார். "இத்தினி ஜனமாய்யா ஒனக்கு! இத ஏன்யா முன்னாடியே சொல்லல?" என்று கேட்டார். பெரிய சண்டை தை மாதம் மெட்ராஸில் என்று அந்த இடத்திலேயே பேச்சாகிவிட்டது.

யார் யாரோ சித்தப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். ஒருவர் அவர் நெற்றியில் நாமம்கூடப் போட்டுவிட்டார். குதித்துக் குதித்துக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிப்போயிற்று. உலகத்தில் இனி எங்களுக்கு முடியாதது ஒன்றுமில்லை என்று இருந்தது.

பொழுது சாய்கிற நேரத்தில் எங்கள் ஊர் ஜனம் மலையிலிருந்து இறங்கி வந்தது. ஆண்களுக்கெல்லாம் மொட்டை, எல்லார் கையிலும் பிரசாதம். நைனா முன்னால் வந்து, "இன்னா, ஆரம்பிச்சிட்டாங்களா?" என்று கேட்டார். இன்று எங்கள் ஊரில் அந்தக் காலத்து ஆட்கள் யாரைக் கேட்டாலும், திருப்பதிச் சண்டையில் கூடவே நின்று கத்தியதாகத்தான் சொல்வார்கள். நைனா சாகிறவரை அதைத்தான் சொன்னார். காலப்போக்கில் அந்த முதல் கோவிந்தாவையே அவர்தான் போட்டார் என்று ஆகிவிட்டது. அம்மா மறுத்ததில்லை.

ஆனால் அன்றைக்கு எல்லாரும் அம்மாவைத்தான் கொண்டாடினார்கள். என்ன மூளை, என்ன சமயோசிதம், மெட்ராஸ்காரனையே ஏமாற்றிவிட்டாளே என்றார்கள். சித்தப்பா அவர்களை விலக்கிக்கொண்டு வந்து அவள் காலில் விழுந்தார். அம்மா அவரைத் தூக்கி நிறுத்தி, வீங்கி மூடியிருந்த கண்ணைத் தொட்டுப் பார்த்தாள். பல்லை எண்ணுகிற மாதிரி வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். பிறகு, "நாளைக்கு நான் மலைக்குப் போவணும்" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் நைனா, அம்மா, நான் மூவரும் போனோம். முடி இறக்கும் கல்யாணக் கட்டையில் நாவிதர், பெண்களுக்கு வழக்கமான மூன்று கத்திரி முடிதானே என்று கேட்டார். அம்மா இல்லை என்றாள். அவளுடைய முடி உட்கார்ந்தால் தரையில் புரளும். நைனா பதறிப்போய், "மூணு கத்திரி குடுத்தா போதாதா? சாமி இன்னா கேக்கவா போறாரு?" என்றார். "மொத்தமும்னு சொல்லிட்டேன்" என்றாள் அம்மா. முடி கற்றை கற்றையாக விழுந்ததைப் பார்த்து நைனாவுக்குத்தான் கண் கலங்கியது. ஜெயித்ததற்கு நேர்த்திக்கடன் என்று அவர் நினைத்தார், ஊரும் நினைத்தது, நானும் நினைத்தேன்.

எனக்குக் கல்யாணமாகி, என் மகன் விஷக்காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்து பிழைத்த பிறகு ஒருநாள், பழைய பேச்சு வந்தபோது அம்மாவிடம் கேட்டேன். கோவிந்தா போட்டால் ஜனம் பதில் போடும் என்று உனக்கு எப்படி அந்த நேரத்தில் தோன்றியது என்று. அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"எனக்கு எங்கடி தோணிச்சி? நீ பேச மாட்டேன்ற. உள்ள சத்தமே இல்ல. அவன் செத்துட்டான்னு நெனச்சேன். எந்திரிச்சா போதும், தலமுடி மொத்தமும் குடுத்துடறேன்னேன். ஜெயிக்கணும்னு எவ கேட்டா?"

இதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது. மலையிலிருந்து இறங்கிய பஸ்ஸில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சந்தனம் பூசிய அவள் தலை ஒவ்வொரு வளைவிலும் என் பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. எனக்கு வேறொரு பெரிய கவலை பிடித்துக்கொண்டது. தை மாதத்துக்கு அதிக நாள் இல்லை. மெட்ராஸில் இன்னும் பெரிய ஆள். அப்போதும் ஜெயிக்க வேண்டும் என்றால் சாமிக்குக் கொடுக்க முடி வேண்டுமே.

"அதுக்குள்ள வளந்துடுமாம்மா?" என்று கேட்டேன்.

அம்மா என்னை இழுத்து மடியில் போட்டு, மூச்சுமுட்டும்படி இறுக்கிக்கொண்டாள். அவள் உடம்பு நடுங்கியது. சந்தோஷத்தில் நடுங்குகிறாள் என்று நினைத்து நான் சிரித்தேன்.